திறப்பு வாங்கும் கை

பலெர்மோவில் தன்னைப் போலப் படிக்கட்டுத் துடைக்க ஆளில்லை என்று அருளையாவே சொல்லுவார். மறுத்துச் சொல்ல யாருக்கும் மனம் வந்ததில்லை. வியா மக்வேதா வீதியில் மூன்று பழைய மாளிகைகளின் பளிங்குப் படிகள் அவர் கையால்தான் மின்னுகின்றன. வைன் கறை, பூனை மூத்திரம், பிள்ளைகள் ஒட்டிவிட்டுப் போகும் சூயிங்கம், எதுவும் அவரிடம் தப்பாது. அப்பேர்ப்பட்ட மனிதரால், தான் குடியிருக்கும் சீசா என்கிற பகுதியில், கோயில் வாசலுக்கு எதிரே, நடைபாதையில் ஒரு சாண் அகலக் கறையை ஒரு வருடமாகப் போக்க முடியவில்லை.

வேலைக்குப் போகிற வழியில் வாளியும் தும்புக்கட்டையுமாக அங்கே குனிவார். மெழுகைச் சுரண்டுவார், கற்பூரக் கரியைத் தேய்ப்பார், வாடிய பூவைக் கூட்டி அள்ளுவார். பின்னேரம் திரும்பி வரும்போது அதே இடத்தில் புதிதாக ஒரு சிவப்பு மெழுகுதிரி எரிந்துகொண்டிருக்கும். யார் வைத்தது என்று கேட்டால் தெருவே வாயில் கொழுக்கட்டையோடு நிற்கும்.

அது அவருடைய மச்சான் இராசரத்தினம் செத்த இடம். தங்கை நாகபூசணியின் புருஷன்.

கோயில் என்றதும் கோபுரத்தைத் தேட வேண்டாம். முன்பு ஒரு தச்சன் மரம் அடுக்கிவைத்த கூடம் அது. அருளையாதான் வாடகைக்கு எடுத்துப் பிள்ளையாரைக் கொண்டுவந்து இருத்தினார். வாசலில் மேலிருந்து இழுத்துவிடுகிற இரும்புச் சட்டர். மேளச் சத்தம் காதைக் கிழிக்கிறது என்று அயலில் முறைப்பாடு எழுந்ததில் இருந்து, தீபாராதனைக்கு முன் சட்டரை இழுத்து மூடுவது வழக்கமாயிற்று. பழைய சட்டர், நிலத்தில் முட்டியதும் தானே பூட்டிக்கொள்ளும். பூட்டின் வாய் வெளியில்தான் இருக்கிறது, உள்ளே இருந்து திறக்க வழியில்லை. அதனால் யாராவது ஒருவர் வெளியே நிற்க வேண்டும். பூசை முடிந்ததும் வாசற்கல் உடைந்த மூலையால் உள்ளிருந்து திறப்பை வெளியே தள்ளுவார்கள். வெளியே நிற்பவர் அதை எடுத்துப் பூட்டைத் திறந்து சட்டரைத் தூக்கிவிடுவார்.

தள்ளுகிற கை அருளையாவுடையது. வாங்குகிற கை, கோயில் தொடங்கிய நாள் முதல், இராசரத்தினத்துடையது. செருப்புகளுக்கும் அவரே காவல். நடுவில் இருவருக்கும் பகை மூண்டு, "அவன் வாசல் மிதிக்கக் கூடாது" என்று அருளையா சொன்ன பிறகும் அந்த மனிதர் வெள்ளிக்கிழமைகளில் வந்து வெளியே நின்றார். திறப்பு வெளியே போகும், சட்டர் மேலே போகும். பேச்சு மட்டும் கிடையாது.

போன ஆவணிச் சதுர்த்தி அன்று ஆபிரிக்காவில் இருந்து வீசுகிற சூடான காற்று ஊரை வறுத்தெடுத்தது. அருளையா சட்டரில் கை வைத்தபோது எதிர்ச் சுவரோரம் நின்ற இராசரத்தினம் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தார். அருளையாவைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். நடிக்கிறான் என்று நினைத்தேன் என்று அருளையா தனக்குத் தானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார். அப்படி நினைக்கவில்லை. கோபம்தான் வந்தது, திருவிழா நாளிலும் சனத்தின் கண்ணைத் தன் பக்கம் திருப்பப் போகிறான் என்ற கோபம். இழுத்துவிட்டார்.

பூசை முடிந்து திறப்பைத் தள்ளினார். மூலையில் விழுந்த வெளிச்சக் கீற்றில் அது கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. உள்ளே சனம் வியர்த்துக்கொண்டு நிற்க, அவர் நிலத்தோடு நிலமாகக் குனிந்து அந்தத் திறப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எதிர்க் கடைக்காரி சிஞ்ஞோரா ரொசாரியா கத்தியபடி ஓடிவந்து திறந்தாள். அன்று முதல் கண்ணை மூடினால் வெளிச்சத்தில் கிடக்கும் திறப்புத்தான் அருளையாவுக்குத் தெரிகிறது. தான் கண்டதை வேறு யாரும் காணவில்லை என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல்.

முதல் மெழுகுதிரியை வைத்தவள் அந்த ரொசாரியாதான். தெருவில் அநியாயமாகப் போன உயிர் கேட்டதைக் கொடுக்கும் என்பது அந்த ஊர்ச் சனத்தின் நம்பிக்கை. தூக்கில் தொங்கியவனுக்கும் தலை வெட்டுப்பட்டவனுக்கும் நேர்த்தி வைக்கிற ஊர் அது. அடுத்த வாரம், அங்கே விளக்கு வைத்த றமேஸுக்கு, இழுபட்டுக்கொண்டிருந்த பெர்மெஸோ, அதுதான் வதிவிட அனுமதி, கைக்கு வந்தது. அதற்குப் பிறகு ரதியின் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. பிறகு கேட்பானேன், பிள்ளையாரைக் கும்பிட வருகிறவர்கள் முதலில் நடைபாதையைக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தார்கள்.

நாகபூசணி மட்டும் வரவில்லை. வருட முடிவில் வருகிற ஆட்டைத் திவசம் முடியும்வரை கோயிலுக்குப் போகக் கூடாது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டாள். அண்ணனோடு கதைக்கக் கூடாது என்று எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று அருளையா கேட்கவில்லை. கேட்கப் பயம். இப்போது ஆட்டை வந்துவிட்டது. செத்த திதி சதுர்த்தி, ஆகவே இந்த வருடத் திருவிழாவும் திவசமும் ஒரே நாள். அது முடிந்ததும் அவள் மகன் நிதுசனோடு இருக்கப் பாரிசுக்குப் போகிறாள், திரும்பி வரமாட்டாள் என்று கதை. போகிறதுக்கு முன் ஒரு தடவை உள்ளே வந்து தன் கையால் விபூதி வாங்கிவிட்டால் போதும் என்று அருளையா தவித்தார். வாங்காமல் போனால் அந்தக் கறை தன்னோடு சுடலை மட்டும் வரும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இந்தத் தவிப்பின் நடுவில்தான் வீட்டுக்குள் ஓர் இங்கிலாந்து ராசா வந்து குடியேறினான்.

மகள் துசானி பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறாள். இத்தாலியில் சோதனை என்றால் பேராசிரியருக்கு முன்னால் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மாதமாகச் சுவருக்குச் சொல்லிப் பழகுவார்கள். தாய் கனகேஸ்வரி ஒரு கிழவியைப் பராமரிக்கிற வேலைக்குப் போய்விடுவதால் பின்னேரங்களில் சுவர் வேலை அருளையாவுக்கு வந்து சேர்ந்தது.

"அப்பா, விளங்காட்டியும் தலையை ஆட்டிக்கொண்டிருங்கோ, காணும்," என்று தேங்காய் துருவிக்கொண்டே தொடங்கினாள். "மூண்டாம் ஹென்றி. ஒன்பது வயசிலை முடி சூடினவர். இவருக்கு இஞ்சத்தையச் சிசிலி முடியைத் தாறன் எண்டு போப் சொன்னார். ரெண்டாவது மகன் எட்மண்டுக்கு. அந்தப் பெடியனும் ஒன்பது வயசு."

"இஞ்சையோ? பலெர்மோவுக்கோ?"

"ஓம். இஞ்சை வேறை ஒராள் ராசாவா இருக்கேக்கை. படையும் பொன்னும் தாறன் எண்டு ஹென்றி ஒருத்தரையும் கேக்காமல் சத்தியம் பண்ணிப்போட்டார். பெடியனுக்குச் சிசிலி உடுப்பும் தைச்சுப் போட்டுச் சபையிலை கொண்டுவந்து காட்டினவராம்."

அருளையா சிரித்துவிட்டார். சிரித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்குத் தேர் ஞாபகம் வந்தது. ஏழு வருடங்களுக்கு முன் யாரையும் கேட்காமல், யாழ்ப்பாணத்தில் ஆசாரியாரைப் பிடித்துக் கோயிலுக்கு ஒரு தேர் செய்யச் சொல்லிவிட்டார். மக்வேதாவில் தேர் ஓடும் என்றார். "மச்சான், தேரை எங்கை நிப்பாட்டுறது? சட்டருக்குள்ளாலை சில்லுகூடப் போகாதே," என்று சபையில் எழுந்து கேட்டவர் இராசரத்தினம். சனம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் அருளையாவால் மன்னிக்க முடியவில்லை.

"பிறகு?" என்றார்.

"பிறகென்ன, பிரபுக்கள் கவசத்தோடை வந்திட்டினம். வாளை மட்டும் வாசல்லை வைச்சிட்டு உள்ளுக்கை வந்தவை. உங்களைக் கேக்காமல் ஒண்டும் செய்யமாட்டன் எண்டு வேதப் புத்தகத்திலை கையை வைச்சு ஹென்றி சத்தியம் பண்ணினவர். பதினைஞ்சு பேர் சபை. அதிலை முன்னுக்கு நிண்டவர் சீமோன். ராசாவின்ரை தங்கச்சியைக் கட்டினவர்."

துருவலையில் தேங்காய் நின்றது. துசானி தகப்பனைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருந்ததே பார்த்ததுபோல இருந்தது. அருளையாவும் சத்தியம் செய்தவர்தான். தேர்க் கதைக்குப் பிறகு சனம் சுற்றி நின்று நெருக்க, உள்ளங்கையில் கற்பூரத்தைக் கொளுத்திப் பிள்ளையாருக்கு முன் கையை மூடி அணைத்தார். சபையைக் கேளாமல் இந்தக் கோயிலைத் திறக்கவும் மாட்டேன், பூட்டவும் மாட்டேன் என்றார். திறப்பு இராசரத்தினத்தின் இடுப்புக்குப் போனது. உள்ளங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது.

மறுநாள் பின்னேரம் அவரே போய்க் கதிரையில் உட்கார்ந்தார். "உந்த ராசா எப்பிடித் திருப்பி எழும்பினவன்?"

"முதல்லை பொறுமையா இருந்தவர். சபையிலை இருந்தவை தங்களுக்குள்ளை பிடுங்குப்படுமட்டும் பாத்துக்கொண்டிருந்தவர். பிறகு போப்பிட்டை ஆள் அனுப்பி, வெருட்டி வாங்கின சத்தியம் செல்லாது எண்டு எழுதி வாங்கிப்போட்டார். லண்டன் கோட்டைக்குள்ளை போய் இருந்துகொண்டு எல்லாருக்கும் அறிவிச்சார்."

அருளையாவுக்குப் போப் இல்லை, ஜெர்மனியில் இருந்து வந்த ஒரு பெரிய ஐயர் இருந்தார். பட்டுச் சால்வை போர்த்தி, பிராயச்சித்தம் செய்வித்து, நிர்ப்பந்தத்தில் செய்த சத்தியம் தோஷமாகாது என்று ஐயர் வாயாலேயே ஒலிவாங்கியில் சொல்லவைத்தார். சபைக்காரர்கள் அதற்குள் அன்னதானப் பருப்பில் உப்பு யார் போடுவது என்று அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். திறப்பு திரும்பி வந்தது. பிள்ளையாரே தன் பக்கம் என்று அன்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். அப்படி ஒருவன் எழுநூறு வருடங்களுக்கு முன்னே நடந்து முடித்துவிட்டான் என்று கேட்கும்போது முதுகு கூசியது.

அந்த வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் அவர் ஒலிவாங்கியை எடுத்தார். "நடைபாதையிலை இனி ஒருத்தரும் விளக்கு வைக்கக் கூடாது. இராசரத்தினம் வரம் குடுத்தார், நோய் மாத்தினார் எண்டு ஒருத்தரும் கதைக்கவும் கூடாது. கோயில் இஞ்சை உள்ளுக்கை, றோட்டிலை இல்லை." சனம் தலையை ஆட்டியது. வெளியே வந்தபோது எதிர்ச் சுவரோரம் ஏழெட்டு மெழுகுதிரிகள் எரிந்தன. யாரும் குனிந்ததை அவர் காணவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்த ஒரு முதுகின் அளவுக்குக் காரை மட்டும் மினுமினுத்தது. அந்த இடத்தை அவர் ஒருபோதும் துடைத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் துசானி சொன்னாள், "அப்பா, இதையே ஹென்றியும் சொன்னவர்."

"என்னத்தை?"

"ஈவ்ஷாம் எண்ட இடத்திலை கடைசிச் சண்டை. அதுக்கு முதல் சண்டையிலை வெண்ட சீமோன் ராசாவைப் பிடிச்சுத் தன்ரை படைக்குள்ளை வைச்சிருந்தவர். யாரோ ஒராளின்ரை கவசத்தைப் போட்டுவிட்டிருக்கினம், முகம் தெரியேல்லை. காப்பாத்த வந்த சொந்தப் படையே அவரைக் குத்தப் போட்டுது. 'நான்தான் ஹென்றி, உங்கடை ராசா, அடியாதேங்கோ' எண்டு கத்தினவராம். அவர் தப்பீட்டார். சீமோனைத் துண்டு துண்டா வெட்டிப்போட்டாங்கள். வெட்டின இடத்திலை ஒரு ஊத்து. நோயாளியள் வந்து குடிச்சுச் சுகப்பட்டினமாம். உடனை ராசா சட்டம் போட்டார். சீமோனைப் புனிதர் எண்டு ஒருத்தரும் சொல்லக் கூடாது, அவர் செய்த அற்புதத்தைக் கதைக்கக் கூடாது எண்டு."

"சனம் கேட்டதோ?"

"வாயை மூடினது. ஊத்துக்குப் போறதை விடேல்லை."

"ராசாவுக்கு என்ன நடந்தது?"

"வெண்டிட்டார். எதிர்த்தவைக்கும் காணியைத் திருப்பி வாங்க வழி விட்டார், சனம் அடங்கீட்டுது. பெரிய கோயில் கட்டி முடிச்சார். சாகுமட்டும் ஒருத்தரும் எதிர்க்கேல்லை, கட்டிலிலைதான் செத்தவர்."

"தங்கச்சி?"

துசானி இப்போதுதான் நேரே பார்த்தாள். "பிரான்சுக்குப் போட்டா. கன்னியாஸ்திரியளின்ரை மடத்திலை இருந்து அங்கையே செத்தவ. திரும்பி வரேல்லை."

அருளையா எழுந்து பல்கனிக்குப் போனார். கீழே பஸ் போனது, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். ராசா சந்தோஷமாக இருந்தானா என்று கேட்க நினைத்தார். அது சோதனையில் வராது என்று சொல்லிவிடுவாள்.

சதுர்த்திக்கு முதல் நாள் பல்லரோ சந்தையில் தங்கையைக் கண்டார். வங்காளிக் கடையில் அவள் பாகற்காய் பொறுக்கிக்கொண்டு நின்றாள். திவசத்துக்கு. இராசரத்தினத்துக்குப் பாகற்காய்க் கறி என்றால் உயிர்.

"பூசணி," என்றார். "நாளைக்கு வா. உள்ளுக்கை வா. நான் உனக்கெண்டு விபூதி எடுத்து வைச்சிருக்கிறன்."

அவள் காய்களைப் பைக்குள் போட்டாள். வங்காளியோடு இத்தாலிய மொழியில் பேசினாள், மிச்சம் வாங்கினாள். அண்ணன் நின்ற இடத்தில் யாரும் நிற்கவில்லை என்பதுபோல அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். மீன்காரன் கூவிக்கொண்டிருந்த அந்த நெரிசலில் நின்று அருளையாவுக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

சதுர்த்தி அன்று அதே அனல் காற்று. கூடம் நிறையச் சனம். மெசினாவில் இருந்து வர வேண்டிய ஐயரின் கார் வழியில் நின்றுவிட்டது என்று செய்தி. எல்லோரும் வியர்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அருளையா பட்டு வேட்டியும் இடுப்பில் திறப்புமாகப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நின்றார்.

நாகபூசணி வந்தாள். வெள்ளைச் சேலை, கையில் வாழையிலை மூடிய தட்டு. அருளையா விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தார். அவள் வாசலுக்கு வரவில்லை. எதிரே போய், சுவர் மினுமினுக்கிற இடத்துக்கு முன்னால் தட்டை வைத்தாள். சோறு, பாகற்காய்க் கறி, ஒரு செம்புத் தண்ணீர். கற்பூரத்தைக் கொளுத்தினாள். பிறகு திரும்பிக் கையைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றாள், இராசரத்தினம் நின்றதுபோலவே.

முதலில் றமேஸ் வெளியே போனான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரதி. பிறகு கிழவர்கள், பெண்கள், மேளக்காரப் பெடியன்கள். யாரும் அருளையாவை முறைக்கவில்லை. கலியாண வீட்டில் பந்திக்கு எழும்புவதுபோல எழுந்து போனார்கள். கனகேஸ்வரி புருஷனைப் பார்த்தாள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். கடைசியாக நின்றவள் துசானி.

"அப்பா, நீங்களும் வாங்கோ. வந்து சும்மா நில்லுங்கோ."

"நான் கோயிலை விட்டிட்டு வாறதோ?" என்றார்.

அவளும் போய்விட்டாள். கூடத்தில் அருளையாவும் பிள்ளையாரும் மிஞ்சினார்கள். அவர் வாசலுக்கு வந்தார். என்ன செய்ய வந்தார் என்று அவருக்கே தெரியாது. கை பழக்கத்தில் மேலே போய்ச் சட்டரைப் பிடித்துக்கொண்டது. தெருவுக்கு அந்தப் பக்கம் தங்கை அவரைப் பார்த்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு முதன்முதலாகப் பேசினாள், கத்தாமல், வீட்டில் கதைப்பதுபோல.

"இழுத்து விடுங்கோ அண்ணை. போன முறையும் பாத்துக்கொண்டுதானே இழுத்தனீங்கள்."

போன வருடம் சட்டர் திறந்தபோது அவள் புருஷனுக்குப் பக்கத்தில் இருந்தாள், சத்தம் கேட்டு ஓடிவந்தவள் என்றே அவர் நினைத்திருந்தார். அப்படியென்றால் இழுக்கும்போது இவள் எங்கே நின்றாள்? ரொசாரியாவின் கடைக்குள் நின்றிருக்கிறாள். புருஷனுக்குக் குடிக்கத் தண்ணீர் வாங்கப் போயிருக்கிறாள். கண்ணாடிக்குள்ளால் எல்லாம் கண்டிருக்கிறாள். கண்டுவிட்டு ஒரு வருடமாக ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. அத்தனை சனமும் இப்போது அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையில் இருந்து மறைய ஒரே ஒரு வழிதான் அவர் கையில் இருந்தது. இழுத்துவிட்டார்.

இரும்பு நிலத்தில் முட்டியது. பூட்டு விழுந்தது.

உள்ளே ஒரே இருட்டு, விளக்கின் திரி மட்டும். கோயில் முழுக்க அவருடையது. தேர் வேண்டுமென்றாலும் செய்யலாம், கேட்க ஆளில்லை. அருளையா அந்த அமைதியில் மூச்சு விட்டுப் பார்த்தார். அப்போது சட்டருக்கு அடியால் கற்பூர வாசமும் பாகற்காய்க் கறி வாசமும் உள்ளே வந்தன. பின்னால் யாரோ கையைத் தூக்குவதுபோல நிழல் அசைந்தது. விளக்கு என்று தெரியும், ஆனாலும் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

"திறவுங்கோ," என்றார். வெளியே தேவாரம் தொடங்கிவிட்டது. சட்டரில் குத்தினார். "திறவுங்கோ! நான்தான், அருளையா! நான்தான்!" நாற்பது ஐம்பது குரல்கள் சேர்ந்து பாடுகிற இடத்தில் ஓர் ஆளின் குரல் எங்கே கேட்கப் போகிறது? பாட்டு நிற்கவில்லை.

அவர் நிலத்தில் குனிந்தார். இடுப்பில் இருந்த திறப்பை அவிழ்த்து உடைந்த மூலையால் தள்ளினார். வெளிச்சக் கீற்றில் அது கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. கன்னத்தைக் கல்லோடு வைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு இந்தச் சட்டர் வெளியே இருந்து எப்படித் தெரிந்திருக்கும் என்று முதன்முதலாக நினைத்தார். "மச்சான்," என்றார், வாய்க்குள்.

ஒரு கை வந்தது. காப்பு இல்லாத வெறுங்கை. திறப்பை எடுத்தது.

பூட்டில் திறப்புப் போகிற சத்தத்துக்காக அவர் காத்திருந்தார். அது வரவில்லை. சட்டருக்கு மிக அருகில், குனிந்து சொல்லுகிற குரல் கேட்டது.

"தேவாரம் முடியட்டும் அண்ணை. எல்லாரையும் கேட்டிட்டுத் திறக்கிறன்."

அருளையா எழும்பவில்லை. தழும்பு இருந்த உள்ளங்கையைக் கல்லின் மேல் விரித்து வைத்துக்கொண்டார்.

"ஓம்," என்றார்.